மலிவு விலை எலெக்ட்ரிக் கிட்டாரில் ட்யூனர் மாற்றுவது எப்படி: அளவெடுப்பதில் தொடங்கும் முழு வழிகாட்டி

முதலில் வாங்கிய மலிவான எலெக்ட்ரிக் கிட்டாரை ஓரம் கட்டிவிட்டு விலை கூடியதைத் தேடிப் போகிறவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: சுருதி நிற்க மாட்டேன் என்கிறது. நம் மெல்லிசைக் குழுக்களில் இது இன்னும் பெரிய தொல்லை. கிட்டார் வாசிப்பவருக்குப் பக்கத்திலேயே கீபோர்டு இருக்கும். அதன் சுருதி அசையவே அசையாது. அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்குக்குப் பெயர் சென்ட்; கிட்டாரின் ஒரு கம்பி பத்துப் பதினைந்து சென்ட் இறங்கிவிட்டால் போதும், பாடுகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

இந்தக் கிட்டார்களில் மரமும் நெக்கும் (விரல்கள் ஓடும் கழுத்துப் பகுதி) பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. தயாரிப்பாளர் காசை மிச்சம் பிடிக்கும் இடங்களில், கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்க உதவும் ட்யூனரும் ஒன்று. அதை மாற்றுவது வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு மாலையில் முடிகிற வேலை. ஆனால் வேலையின் முக்கால் பங்கு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடக்கிறது. சரியாக அளந்து, இருக்கிற துளையிலேயே உட்காரும் ட்யூனரை வாங்கிவிட்டால் மீதியெல்லாம் கழற்றிப் பூட்டுவதுதான். அளக்காமல் அழகைப் பார்த்து வாங்கினால், ஹெட்ஸ்டாக்கில் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) ட்ரில் வைக்க வேண்டி வரும். மலிவுக் கிட்டார்கள் வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

குற்றம் ட்யூனர் மீதுதானா?

வீணையின் பிரடை மரத்தோடு மரம் உராயும் பிடிப்பில் நிற்கிறது. கிட்டார் ட்யூனர் அப்படி இல்லை. விரலால் பிடித்துத் திருப்பும் பகுதியான காதைத் திருகினால் புரி போட்ட ஒரு சிறு தண்டு சுழலும். அது பற்சக்கரத்தைத் தள்ளும். பற்சக்கரம் கம்பி சுற்றிய தண்டைத் திருப்பும். இதற்கு வார்ம் கியர் என்று பெயர். இதன் குணம் ஒருவழிப் பாதை போன்றது: காது கம்பித் தண்டைத் திருப்பும், கம்பித் தண்டு காதைத் திருப்ப முடியாது. அதனால் கம்பி இழுப்பதாலேயே ட்யூனர் தானாகப் பின்னால் சுழன்றுவிடும் என்பது அநேகமாக நடப்பதில்லை. மலிவு ட்யூனரில் நடப்பது வேறு. பற்களுக்கு இடையே இடைவெளி அதிகமாக இருக்கும், தண்டு அதன் துளையில் ஆடும், உறை மரத்தில் சரியாகப் பதிந்திருக்காது.

ஆகவே கடைக்குப் போகும் முன் நான்கு சோதனைகள் செய்துவிடுங்கள்.

முதலில் கம்பியை மாற்றுங்கள். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். கை வியர்வையும் சேர்ந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி எந்த ட்யூனரிலும் சுருதியோடு நிற்காது. ஏர்கான் அறையிலிருந்து எடுத்து எம்ஆர்டி ரயிலில் ஏற்றி ஜாமிங் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனவுடன் சுருதி கொஞ்சம் மாறுவதும் இயல்புதான். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, நட். ஃப்ரெட் பலகையின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் அந்த வெள்ளை அல்லது கறுப்புத் துண்டைத்தான் சொல்கிறேன். கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டு நன்றாக இழுத்து வளைத்து வாசியுங்கள். சுருதி இறங்கியிருந்தால், நட்டுக்கும் ட்யூனருக்கும் இடையே உள்ள பகுதியை விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். சுருதி பழைய இடத்துக்குத் திரும்பினால் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். ட்யூனரைத் திருகும்போது 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவுவதும் இதே நோய்தான். பள்ளத்தில் 2பி பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். குணமானால் செலவு மிச்சம். என் கணிப்பில், ட்யூனர் மேல் பழி போடப்படும் கிட்டார்களில் பாதிக்கு மேல் நட் பிரச்சினைதான்.

மூன்றாவது, கம்பி சுற்றிய விதம். தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும் சுற்றுகள் மெதுவாக இறுகிக்கொண்டே இருக்கும்; சுருதியும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இவை மூன்றும் சரி என்றால் இப்போது ட்யூனரைத் தொடுங்கள். கம்பியைத் தளர்த்திவிட்டுத் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். காதை இருபுறமும் லேசாகத் திருப்பி, தண்டு அசையாமல் காது மட்டும் எவ்வளவு தூரம் சும்மா சுழல்கிறது என்று கவனியுங்கள். ஒரு சுற்றில் சில இடம் இறுக்கமாகவும் சில இடம் தொளதொள என்றும் இருக்கிறதா? அப்படியானால் ட்யூனர்தான். அதற்கு முன் முன்பக்க மரையையும் பின்பக்கத் திருகையும் காதின் முனையில் உள்ள சின்னத் திருகையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சில சமயம் அதோடு கதை முடிந்துவிடும்.

இன்னொன்று. உங்கள் கிட்டாரில் ஃப்ளாய்ட் ரோஸ் வகையில் கம்பியை நட்டிலேயே பூட்டும் அமைப்பு இருந்தால், ட்யூனர் மாற்றுவதால் பலன் இல்லை. பூட்டிய பிறகு ட்யூனருக்கு அங்கே வேலையே கிடையாது.

இரண்டு பெரிய குடும்பங்கள்

சந்தையில் எத்தனை பெயர் இருந்தாலும், மாற்றும் வேலைக்கு நீங்கள் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கத்தைப் பாருங்கள்.

தண்டைச் சுற்றி ஆறு பட்டை கொண்ட ஒரு மரை, அதன் கீழ் ஒரு வாஷர் இருந்தால் அது நவீன வகை. மரை திருகிக்கொண்டு உள்ளே போய் ட்யூனரை மரத்தோடு சேர்த்துக் கவ்வும். பின்பக்கம் முழுதும் மூடிய வார்ப்பு உறை இருக்கும். இதற்கு முன்பக்கத் துளை பெரும்பாலும் 10 மி.மீ.

மரை எதுவும் இல்லாமல், துளைக்குள் அழுத்திச் செருகிய வழவழப்பான வளையம் மட்டும் இருந்தால் அது பழைய பாணி. 1950களின் ஃபெண்டர் கிட்டார்களில் வந்த க்ளூசன் ட்யூனர்களின் வழி வந்தது. அந்த வளையத்தைப் புஷ் என்பார்கள். இதற்குத் துளை ஏறக்குறைய 8.7 மி.மீ. தண்டின் தலையில் வெட்டு இருந்து, கம்பி நுனியை அதன் நடுத்துளையில் செருகுவதாகவும் இருக்கலாம்.

பின்பக்கத் திருகு அமைப்பும் முக்கியம். சிலவற்றில் ஒரு திருகு 45 பாகைக் கோணத்தில் மூலையில் இருக்கும். சிலவற்றில் நேர்க்கீழே இருக்கும். பழைய பாணியில் பக்கத்துப் பக்கத்து ட்யூனர்கள் ஒரே திருகைப் பகிர்ந்துகொள்ளும். ஃபெண்டரின் நவீன வகையில் திருகே கிடையாது, மரத்தில் புதையும் இரண்டு சிறு ஊசிகள் மட்டும். உங்கள் ஹெட்ஸ்டாக்கில் அந்த ஊசிகளுக்கு ஏற்கெனவே குழி இருந்தால் மட்டுமே இந்த வகையை வாங்குங்கள். ஆறு ட்யூனருக்குப் பன்னிரண்டு குழிகளை அச்சு இல்லாமல் கைக்கணக்கில் துளைப்பது வேண்டாத வேலை.

பெயரை நம்பி வாங்காதீர்கள். ஒரே பிராண்டு, ஒரே மாடல் பெயர், ஆனால் வெவ்வேறு ஆண்டில் வேறு ட்யூனர் போட்டு விற்பது சாதாரணம். பழைய பொருள் விற்கும் கேரோசல் இணையத்தளத்தில் கைமாறி வந்த கிட்டார் என்றால் முந்தையவர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்பதும் தெரியாது. அளவுகோல் மட்டும்தான் சாட்சி.

அளவெடுத்தல்

ஒரு டிஜிட்டல் காலிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். வட்டார ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். மலிவான பிளாஸ்டிக் வகை போதும். பள்ளி அளவுகோலால் 8.7க்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தைத் துளைக்குள் பார்க்க முடியாது.

அளப்பதற்கு ஒரு ட்யூனரையாவது முழுதாகக் கழற்ற வேண்டும். முதல் கம்பியின் ட்யூனரைக் கழற்றினால் போதும். மற்ற ஐந்தும் நெக்கின் மேல் இழுவையை வைத்திருக்கும். பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்.

முன்பக்கத் துளையின் விட்டம். பின்பக்கத் துளையின் விட்டம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மலிவுக் கிட்டார்களில் முன்னே அகலமாகவும் பின்னே குறுகலாகவும் படிபோல் துளையிட்டிருப்பார்கள். நவீன ட்யூனருக்கு மரை உள்ளே போகும் ஆழம் வரை 10 மி.மீ. வேண்டும்; பின்னால் உறையின் கழுத்து நுழையும் அளவுக்கு இடம் வேண்டும். பலர் முன்பக்கம் மட்டும் அளந்து ஏமாறுவது இந்தப் படியில்தான்.

ஹெட்ஸ்டாக்கின் தடிமன். ஃபெண்டர் பாணியில் 14, 15 மி.மீ. அளவில் இருக்கும். புது ட்யூனரின் தயாரிப்பாளர் எந்தத் தடிமனுக்கு அது பொருந்தும் என்று குறிப்பிட்டிருப்பார். மரை இரண்டு மூன்று புரியாவது பிடிக்காவிட்டால் பயன் இல்லை.

துளை மையத்திலிருந்து அடுத்த துளை மையம் வரை உள்ள தூரம். புது ட்யூனரின் உறை அகலம் இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஆறும் ஒரே வரிசையில் இருக்கும் ஹெட்ஸ்டாக்கில், அகலமான உறைகள் தோளோடு தோள் இடித்து நிற்கும்.

துளை மையத்திலிருந்து ஹெட்ஸ்டாக் ஓரம் வரை உள்ள தூரம். இது அதிகமாக இருந்தால் காதுத் தண்டு குட்டையாகி, காது மரத்தில் உரசும்.

கடைசியாக, பழைய திருகுத் துளை எங்கே இருக்கிறது என்று ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். புது ட்யூனர் அதே துளையைப் பயன்படுத்தினால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும், பழைய துளையை மறைக்கும் அகலமுள்ள உறையாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆறும் ஒரே பக்கமா, மூன்று மூன்றாகப் பிரிந்தவையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூன்று மூன்றாக வரும் செட்டில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி வார்ப்பு.

எதை வாங்குவது

பெட்டியில் 14:1, 16:1, 18:1 என்று ஒரு விகிதம் அச்சிட்டிருக்கும். காதை 14 முறை சுற்றினால் தண்டு ஒருமுறை சுற்றும் என்பது பொருள். 6 மி.மீ. தண்டில் ஒரு முழுச் சுற்று சுமார் 19 மி.மீ. கம்பியை இழுக்கும். ஆக 14:1ல் காதின் ஒரு சுற்றுக்கு 1.35 மி.மீ., 18:1ல் 1.05 மி.மீ. இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமாகத் திருப்ப உதவும். ஆனால் துல்லியமாகச் செய்த 14:1, பற்கள் ஆடும் 18:1ஐவிட எவ்வளவோ மேல். விகிதத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

கம்பியைத் தண்டுக்குள்ளேயே கவ்விப் பிடிக்கும் பூட்டு ட்யூனர்கள் நல்லவை. கம்பி மாற்றுவது சுலபமாகும். ட்ரெமலோ (கம்பிகளைத் தளர்த்தி இறுக்கும் கைப்பிடி) பயன்படுத்துபவருக்குச் சுற்றுகள் நழுவும் தொல்லை குறையும். நட் சிக்கலை அவை தீர்க்காது. எடையும் கூடுதல். உடல் லேசாக உள்ள கிட்டாரில், குறிப்பாக மெல்லிய உடலும் இரு கொம்பும் கொண்ட எஸ்ஜி வடிவத்தில், ஹெட்ஸ்டாக் பக்கம் சாயத் தொடங்கிவிடும். வாங்கும் முன் பழைய ஆறையும் சமையலறைத் தராசில் போட்டுப் புதியதன் எடையோடு ஒப்பிடுங்கள்.

கோட்டோ, ஷாலர், க்ரோவர், க்ளூசன், ஹிப்ஷாட் எல்லாம் காலம் காலமாக இதே வேலையைச் செய்பவர்கள். ஒரு கருத்து: ட்யூனரின் விலை, அந்தக் கிட்டாரைக் கைமாற்றினால் கிடைக்கும் விலையில் பாதியைத் தாண்டினால் கொஞ்சம் யோசியுங்கள். ஆனால் அந்த நெக் உங்கள் கைக்குப் பழகிப்போயிருந்தால், அதற்கு விலை போட முடியாது. தாராளமாகச் செய்யுங்கள்.

சிங்கப்பூரில் நேரில் பார்த்து வாங்க நினைத்தால் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர், பிராஸ் பாசா பக்கம் சென்று கழற்றிய பழைய ட்யூனரைக் கையோடு காட்டுங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து தருவித்தால் வரியையும் கணக்கில் சேருங்கள்: 2023 ஜனவரி முதல் 400 வெள்ளி வரையிலான இறக்குமதிப் பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு.

மேசையில் இருக்க வேண்டியவை

தடித்த துண்டு ஒன்று, நெக்கைத் தாங்க ஒரு சுருட்டிய துணி, சிறிய நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், 10 மி.மீ. சாக்கெட், மாஸ்கிங் டேப், கூரான ஆணி அல்லது குத்தூசி, கையால் சுழற்றும் சிறு ட்ரில், அதற்கு 1.5 மி.மீ. முனை, மெழுகுவர்த்தித் துண்டு, மரப்பசை, கம்பி வெட்டி. பழைய திருகு ஒன்றைச் சிறு பையில் போட்டு ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடை அங்கிளிடம் காட்டினால், அதற்கேற்ற ட்ரில் முனையை அவரே எடுத்துக் கொடுப்பார்.

கையால் சுழற்றும் ட்ரில்லைச் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. மின் ட்ரில் மெல்லிய மரத்தில் ஒரு நொடியில் ஆழம் தாண்டிவிடும். கை ட்ரில் என்றால், இரவு ஒன்பது மணிக்கு வீவக அடுக்குமாடி வீட்டில் வேலை செய்தாலும் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது.

கழற்றுதல்

ஆறு கம்பிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறித் தளர்த்துங்கள். பத்துக்கு நாற்பத்தாறு அளவுள்ள (மெல்லிய கம்பி 0.010, தடித்தது 0.046 அங்குலம்) சாதாரண செட் சுருதியில் இருக்கும்போது நெக்கை 45 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அதை ஒரே வெட்டில் அறுக்கக் கூடாது, நுனி முகத்தில் பாயும். தொய்ந்த பிறகு வெட்டுங்கள். துண்டுகளை அப்போதே பொறுக்கிவிடுங்கள். வீட்டில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

முதலில் முன்பக்க மரை, அப்புறம் பின்பக்கத் திருகு. மரைக்குச் சாக்கெட்டே நல்லது. திறந்த வாய் ஸ்பேனர் வழுக்கினால் பெயின்ட்டில் கோடு விழும். திருகு வர மறுத்தால் அடம் பிடித்துத் திருப்பாதீர்கள். சால்டரிங் அயர்ன் இருந்தால் நுனியைத் திருகின் தலையில் சில நொடி வைத்துவிட்டு முயலுங்கள்.

பழைய பாணிப் புஷ் என்றால், அதன் விளிம்பைச் சுற்றி வார்னிஷை மெல்லிய கத்தியால் கீறிவிடுங்கள். இது முக்கியம், கீறாமல் எடுத்தால் புஷ்ஷோடு வார்னிஷும் சில்லாகப் பெயர்ந்து வரும். பிறகு பின்பக்கத்திலிருந்து துளைக்குள் நுழையும் ஒரு மரக்குச்சியை வைத்துப் புஷ்ஷின் விளிம்பை மாற்றி மாற்றி மெல்லத் தட்டுங்கள். முன்பக்கத்திலிருந்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவது கூடாது.

பழைய ட்யூனர், திருகு, வாஷர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். கிட்டாரைப் பிறகு விற்க நேர்ந்தால் அசல் பாகங்கள் கேட்பவர் உண்டு.

துளை பொருந்தாவிட்டால்

பொருந்துகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

துளை பெரிது, புது ட்யூனரின் தண்டு சிறிது என்றால் வழி சுலபம். 10 மி.மீ. துளையில் உட்கார்ந்து உள்ளே பழைய பாணித் தண்டை ஏற்கும் மாற்றுப் புஷ்கள் செட்டாகவே விற்கின்றன. மரத்தைத் தொடவே வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போகலாம்.

துளை சிறிது என்றால் விரிக்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பொறுத்து வழி மாறும். 0.1, 0.2 மி.மீ. தான் குறைவு என்றால், மரக்குச்சியில் 120 எண் உப்புத்தாளைச் சுற்றி, துளைக்குள் நேராகச் சுழற்றுங்கள். அடிக்கடி ட்யூனரை வைத்துப் பாருங்கள். 8.7லிருந்து 10க்குப் போவதென்றால் துளையை மெல்லச் சீவி அகலமாக்கும், கையால் சுழற்றும் ரீமர் வேண்டும். சாதாரண ட்ரில் முனை ஏற்கெனவே உள்ள துளையில் மையம் தேட முடியாது. ஓரத்தைக் கவ்வி இழுத்து, மரத்தையும் வார்னிஷையும் கிழித்துவிடும். மலிவுக் கிட்டார்களின் பாலி வார்னிஷ் தடிமனானது, கண்ணாடிபோல் சில்லு தெறிக்கும். ஆகவே இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ரீமர் கூம்பு வடிவம் என்பதால் முன்னிருந்து பாதி, பின்னிருந்து பாதி என்று மாற்றி மாற்றி விரியுங்கள். எவ்வளவு ஆழம் போகலாம் என்று ரீமரிலேயே ஒரு டேப் அடையாளம் ஒட்டிவிட்டால் ஆறு துளையும் ஒரே அளவில் வரும். அழுத்தாதீர்கள். ரீமரின் சொந்த எடை போதும். ஒரு துளைக்கு ஐந்து நிமிடம் ஆனால் ஆகட்டும்.

புது ட்யூனர் மறைக்காத பழைய திருகுத் துளைகளுக்குச் சத்தே குச்சி (இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடும் மூங்கில் குச்சி) நல்ல தீர்வு. மூங்கில் கடினமானது, நேரானது. கத்தியால் துளைக்கேற்பச் சீவி, மரப்பசையில் தோய்த்துச் செருகி, ஒரு இரவு காயவிட்டு, மட்டமாக வெட்டிவிடுங்கள். பழைய துளைக்கும் புதுத் துளைக்கும் இடையே ஒரு மி.மீ. கூட இடைவெளி இல்லையென்றால் முதலில் அடைக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் புதுத் திருகு பழைய துளைக்குள் சரிந்துவிடும்.

பொருத்துதல்

ஆறு ட்யூனரையும் பின்னிருந்து செருகி, முன்னே வாஷரும் மரையும் போட்டு, விரலால் மட்டும் இறுக்குங்கள். இப்போது ஒரு நேரான அளவுகோலை உறைகளின் ஓரத்தில் வைத்து ஆறையும் ஒரே கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். எல்லாக் காதும் தடையில்லாமல் முழுச் சுற்றுச் சுழல்கிறதா? எதுவும் மரத்தில் உரசவில்லையே? திருப்தியானால் மரைகளைச் சற்று இறுக்கி, திருகு விழும் புள்ளிகளைக் குத்தூசியால் குறியுங்கள்.

குறித்த பிறகு ட்யூனர்களை எடுத்துவிட்டுத் துளையிடுங்கள். திருகை உறையில் அதற்குள்ள துளையில் செருகி, வெளியே நீளும் பகுதியை அளந்து, ட்ரில் முனையில் அதே நீளத்துக்கு டேப் சுற்றுங்கள். டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கம் துளை வெளிவந்துவிட்டால் மறைக்க வழியில்லை. முனையின் தடிமன் சரியா என்று பார்க்க, அதைத் திருகின் முன்னால் பிடியுங்கள்: திருகின் நடுத்தண்டு மறைந்து, புரிகள் மட்டும் இருபுறமும் தெரிய வேண்டும். மேப்பிள் மரத்தில் முதல்துளை இல்லாமல் திருகை ஏற்றினால், அந்தச் சின்னத் திருகின் தலை முறிந்து மிச்சம் உள்ளேயே தங்கிவிடும்.

திருகின் புரியில் மெழுகைத் தேய்த்து ஏற்றுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் திருகு துருப்பிடிக்கும். பளபளப்பான புதுத் திருகு மிருதுவானதாக இருந்தால், அதே அளவு பழைய இரும்புத் திருகு ஒன்றை முதலில் ஏற்றி இறக்கிப் புரி வெட்டிக்கொள்ளலாம்.

இறுக்கும் வரிசையில் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். ட்யூனரை மரத்தோடு பிடித்து வைப்பது மரைதான். பின்பக்கத் திருகு அது சுழலாமல் தடுக்க மட்டுமே. ஆகவே திருகை உறையைத் தொட்டு நிற்கும் அளவுக்கு ஏற்றினால் போதும். மரையைச் சாக்கெட்டால், கைப்பிடியைக் குட்டையாகப் பிடித்து, விரல் இறுக்கத்துக்குப் பிறகு கால் சுற்று இறுக்குங்கள். வாஷரின் கீழ் வார்னிஷ் நசுங்கத் தொடங்கினால் அதிகம்.

பழைய பாணிப் புஷ் என்றால் அதை நேராக வைத்து, ட்யூனர் தண்டையே வழிகாட்டியாக விட்டு, மரத்துண்டால் மெல்ல அழுத்தி உள்ளே தள்ளுங்கள். சுத்தியலை மறந்துவிடுங்கள்.

கம்பி மாட்டுதல்

ட்யூனர் எவ்வளவு நல்லதானாலும் கெட்ட சுற்று அதைக் கெடுத்துவிடும். கம்பி, தண்டின் உட்பக்கமாக, காதுக்கு எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும். தடித்த ஆறாவது கம்பிக்கு இரண்டு, இரண்டரைச் சுற்று. அதற்குத் தண்டைத் தாண்டி சுமார் 5 செ.மீ. மிச்சம் விடுங்கள். மெல்லிய முதல் கம்பிக்கு மூன்று நான்கு சுற்று, சுமார் 7 செ.மீ. ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் கம்பி நட்டின்மேல் அழுத்தமாக வளைந்து இறங்கும். தண்டுகளின் உயரம் வெவ்வேறாக உள்ள செட்டில், குட்டையானவை முதல் இரண்டு மூன்று கம்பிகளுக்கு உரியவை. பூட்டு ட்யூனரில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை: கம்பியை இறுக இழுத்துப் பூட்டி, மிச்சத்தை வெட்டினால் ஒரு சுற்றுக்குள் சுருதிக்கு வந்துவிடும். அங்கே கூடுதல் சுற்றுப் போட்டால் பூட்டின் பயனே போய்விடும்.

சுருதிக்கு வந்ததும் ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாம் ஃப்ரெட் அருகில் பிடித்து மென்மையாக மேலே இழுத்து, மறுபடி சேருங்கள். இறங்குவது நிற்கும் வரை இதைச் செய்யுங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே சேருங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். பற்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளி அப்போதுதான் கம்பியின் இழுவையால் ஒரு பக்கமாக ஒட்டி நிற்கும்.

கம்பியில்லாமல் சில மணி நேரம் இருந்த நெக் பழைய வளைவுக்குத் திரும்ப ஓர் இரவு ஆகலாம். அதனால் நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பியான ட்ரஸ் ராடை அன்றே தொடாதீர்கள். கம்பியின் தடிமனை மாற்றியிருந்தால் மட்டும் மறுநாள் பிரிட்ஜில் (உடல் பக்கம் கம்பிகள் உட்காரும் இடம்) இன்டொனேஷனை, அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருக்கிறதா என்பதை, சரிபாருங்கள்.

ஒரு வாரம் வாசித்த பிறகு மரைகளை மறுபடி சாக்கெட்டால் தொட்டுப் பாருங்கள். வாஷரின் கீழ் மரம் சற்று அமுங்கியிருக்கும். ஓரிரண்டு மரையாவது கொஞ்சம் இடம் கொடுக்கும். இறுக்கிவிட்டு, அடுத்த முறை கம்பி மாற்றும்போது ஆறையும் இன்னொரு முறை பாருங்கள். அதற்குப் பிறகு அவை பெரும்பாலும் அசையாது.